இருவர், ஒரு கேரவன், 2,700 கிலோமீட்டர்: ஸ்டூவர்ட் நெடுஞ்சாலைப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவில் தொடங்கி, கண்டத்தை நடுவே பிளந்துகொண்டு வடக்கே சென்று டார்வினில் முடியும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையின் நீளம் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். படுக்கையும் அடுப்பும் கொண்ட நடமாடும் வீடான கேரவனை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு முதன்முறையாக உள்நாட்டுப் பாலைக்குள் செல்லும் தம்பதியருக்கு இதைவிடப் பொருத்தமான பாதை ஆஸ்திரேலியாவில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. 1980களின் பிற்பகுதியிலேயே முழுவதும் தார்ச்சாலையாகிவிட்டதால் நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயமில்லை. ஆனால் தார்ச்சாலைதானே என்று அலட்சியமாகப் புறப்படவும் கூடாது. க்ளெண்டாம்போவுக்கும் கூபர் பீடிக்கும் இடையே சுமார் 250 கிலோமீட்டருக்கு எரிபொருள் கிடைக்காது. அந்தத் தொலைவின் பெரும்பகுதியில் கைபேசிக்குச் சமிக்ஞையும் இருக்காது.

இருவர் மட்டுமே செல்லும் பயணத்தில் எந்த வேலையும் ஒருவருக்கு மட்டுமே தெரிந்ததாக இருக்கக் கூடாது. ‘அவர் ஓட்டுவார், நான் மற்றதைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற ஏற்பாடு ஊருக்குள் வசதியானது. அருகிலுள்ள ஊர் 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும்போது ஓட்டுபவருக்குக் காய்ச்சல் வந்தால், இரண்டரை டன் கேரவனை இழுத்துச் செல்லவேண்டியவர் மற்றவர்தான். ஆகவே பின்வரும் ஒவ்வொரு படியையும் இருவரும் சேர்ந்தே படியுங்கள், சேர்ந்தே செய்து பழகுங்கள்.

முதல் படி: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

மே மாதத்திலிருந்து ஆகஸ்டு இறுதி வரை உள்ள காலமே ஏற்றது. வடக்கில் அது வறண்ட பருவம், நடுப்பகுதியில் குளிர்காலம். டிசம்பர், ஜனவரியில் கூபர் பீடியில் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டுவதுண்டு. ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்ரல் வரை வடக்கில் மழைக்காலம் என்பதால் கக்காடு தேசியப் பூங்காவின் பல சாலைகள் வெள்ளத்தில் மூழ்கி மூடப்படும்.

குளிர்காலப் பாலையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். நடுப்பாலையிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரிலும் உலுரு என்ற பெரும்பாறைப் பகுதியிலும் பகலில் 20 டிகிரி இதமாக இருந்துவிட்டு, விடியற்காலையில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். கேரவனுக்குத் தண்ணீர் வரும் குழாயே உறைந்துபோன காலைகள் உண்டு. நல்ல கம்பளிப் போர்வைகளும் தடித்த காலுறைகளும் அவசியம். எவ்வளவு குளிர்ந்தாலும் சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் கேரவனைச் சூடாக்காதீர்கள். மூடிய இடத்தில் எரியும் அடுப்பு, மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடை நிரப்பி உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். ஜூன், ஜூலை பள்ளி விடுமுறையில் உலுருவுக்கு அருகிலுள்ள முகாம்கள் நிரம்பிவிடுவதால், அந்த ஓர் இடத்தையாவது பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

இரண்டாம் படி: எடைக் கணக்கு

பெரும்பாலானோர் சலிப்போடு கடந்துபோகும் பகுதி இது. நான் அதிக நேரம் செலவிடச் சொல்வதும் இதில்தான். கேரவனின் எடைத் தகட்டில் இரண்டு எண்களைக் கவனியுங்கள். ‘டேர்’ என்பது வெற்றுக் கேரவனின் எடை. ‘ஏடிஎம்’ என்பது அனைத்தும் ஏற்றிய பிறகு அது தாண்டக் கூடாத எடை. டேர் 2,050 கிலோ, ஏடிஎம் 2,500 கிலோ என்று வைத்துக்கொண்டால் நீங்கள் ஏற்றக்கூடியது 450 கிலோ. தாராளமாகத் தோன்றும். ஆனால் 95 லிட்டர் கொள்ளும் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பியதுமே 190 கிலோ போய்விடும். நிரம்பிய இரண்டு எரிவாயு சிலிண்டர்கள், கூடுதல் பேட்டரி, முன்புறச் சாய்ப்புத் துணி ஆகியவற்றையும் கழித்தால், உடைகளுக்கும் பாத்திரங்களுக்கும் உணவுக்கும் நாற்காலிகளுக்கும் மிஞ்சுவது 150 கிலோ அளவில்தான் இருக்கும்.

அடுத்து இழுக்கும் வண்டி. 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரத்தில் சொல்வதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். வண்டியும் கேரவனும் சேர்ந்து தாண்டக் கூடாத ‘ஜிசிஎம்’ என்ற மொத்த வரம்பைக் கேளுங்கள். அது 5,850 கிலோ என்றால், 3,500 கிலோ கேரவனை இழுக்கும்போது வண்டிக்கு எஞ்சுவது 2,350 கிலோ மட்டுமே. வண்டியே 2,100 கிலோ இருக்குமானால், இரண்டு மனிதர்களும் குளிர்பெட்டியும் கங்காரு தடுப்புக் கம்பியும் சேர்ந்ததும் வரம்பு தீர்ந்துவிடும். வரம்பு மீறிய வண்டியை நிறுத்த அதிக தூரம் தேவைப்படும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும். புறப்படுவதற்கு முன் முழுச் சுமையோடு பொது எடைமேடையில் ஏற்றி நிறுத்துங்கள். ஊகத்துக்கும் அந்தச் சீட்டில் வரும் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு பலரைத் திகைக்கவைக்கும்.

சுமையை எங்கே வைக்கிறோம் என்பதும் எடையளவுக்கே முக்கியம். கனமானவற்றை அச்சுக்கு மேலே, தரைக்கு நெருக்கமாக வையுங்கள். கேரவனின் பின்கோடியில் கனம் சேர்ந்தால் அது வாலாட்டத் தொடங்கும். இழுவைக் கொக்கியின் உருண்டை மீது கேரவன் அழுத்தும் எடை மொத்த எடையில் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். அதுவும் உங்கள் கொக்கிக்குக் குறிக்கப்பட்ட வரம்புக்குள் அடங்கவேண்டும்.

மூன்றாம் படி: கோத்தலும் பின்னெடுத்தலும்

வண்டியோடு கேரவனைக் கோக்கும் வேலையை ஒரே வரிசையில், தினமும் மாறாமல் செய்யுங்கள். சக்கரங்களுக்கு அடியில் கட்டை. கொக்கியின் உருண்டை மீது கேரவனின் மூக்கு இறங்கிப் பூட்டியதும், கேரவனின் மூக்கைத் தாங்கும் சிறிய முன்சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி மூக்கைச் சற்றே உயர்த்திப் பாருங்கள். வண்டியின் பின்பகுதியும் சேர்ந்து எழுந்தால் பூட்டு விழுந்துவிட்டது என்று பொருள். அதன்பிறகு பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். மூக்கு கழன்றாலும் தரையில் குத்தாமல் சங்கிலிகள் தாங்கிக்கொள்ளும். பிறகு மின்செருகி, கேரவன் தனியே பிரிந்தால் அதன் பிரேக்கைத் தானாக இயக்கும் அறுகம்பி, முன்சக்கரத்தை மடித்துப் பூட்டுதல், கேரவனின் கைபிரேக்கை விடுவித்தல், கட்டைகளை எடுத்தல். கடைசியாக ஒருவர் பின்னால் நிற்க, மற்றவர் பிரேக் விளக்கையும் திருப்பு விளக்குகளையும் போட்டுக் காட்டவேண்டும். ஒருவர் கோத்ததை மற்றவர் ஒருமுறை தொட்டுப் பார்த்துச் சரிபார்த்த பிறகே வண்டி நகரவேண்டும். கோத்துக்கொண்டிருப்பவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. பேச்சு நடுவில் புகுந்தால் ஏதோ ஒரு படி விடுபடும்.

பின்னெடுப்பதை ஊரில் காலியான ஒரு மைதானத்தில், இருவரும் மாறி மாறிப் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்துக்கொண்டால், கை எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே கேரவனின் பின்புறமும் திரும்பும். வெளியே நின்று வழிகாட்டுபவர், ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில்தான் நிற்கவேண்டும். கூச்சலிட்டு வழிகாட்டினால் கணவன் மனைவி சண்டையில்தான் முடியும். அருகிலிருப்பவரோடு பேச உதவும் கையடக்க யுஎச்எஃப் ரேடியோ இரண்டை வாங்கிவிடுங்கள், குரல் தானாகவே தணிந்துவிடும்.

நான்காம் படி: தண்ணீர், எரிபொருள், சமையல்

குடிப்பதற்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கிட்டு, அதற்குமேல் சில நாள்களுக்கான இருப்பையும் சேர்த்து வைத்திருங்கள். முழு இருப்பையும் கேரவனுக்கு அடியிலுள்ள தொட்டிகளை நம்பி விட்டுவிடாதீர்கள். சரளைச் சாலையில் தெறிக்கும் ஒரு கல் தொட்டியை ஓட்டையாக்கிவிடலாம். குடிநீரில் ஒரு பகுதி வண்டிக்குள் தனிக் கேன்களில் இருக்கட்டும்.

கேரவனோடு செல்லும் வண்டி, தனியாகச் செல்லும்போது குடிக்கும் எரிபொருளைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை குடிக்கும். 100 கிலோமீட்டருக்கு 18 லிட்டர் என்று வைத்தால், 80 லிட்டர் தொட்டி ஏறத்தாழ 440 கிலோமீட்டர் தாங்கும். எதிர்க்காற்று அடித்தால் இதுவும் குறையும். தொட்டி பாதியாகும்போதே வரும் ரோடுஹவுஸ் எனப்படும் சாலையோர எரிபொருள் நிலையத்தில் நிரப்பிவிடுவது நல்லது. பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் நடுப்பகுதியின் பல இடங்களில் சாதாரண பெட்ரோலுக்குப் பதில் ‘ஓபல்’ என்ற பெட்ரோலைப் பார்ப்பார்கள். பெட்ரோலை முகர்ந்து போதை கொள்ளும் பழக்கத்தால் பழங்குடி இளைஞர்கள் பலர் பாதிக்கப்பட்டதைத் தடுப்பதற்காக, 2005 முதல் அறிமுகப்படுத்தப்பட்ட எரிபொருள் இது. வண்டிக்கு எந்தத் தீங்கும் செய்யாது.

போர்ட் அகஸ்டாவை விட்டால் பெரிய பல்பொருள் அங்காடி ஆலிஸ் ஸ்பிரிங்ஸில்தான். அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, பொடி வகைகள் ஆகியவற்றை இரண்டு வாரத்துக்கு ஏற்றிக்கொண்டால் வழியில் விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சிறிய பிரஷர் குக்கர் ஒன்று எரிவாயுவையும் தண்ணீரையும் ஒருசேர மிச்சப்படுத்தும்.

ஐந்தாம் படி: தொடர்பும் அவசரமும்

கைபேசி பெரும்பாலும் ஊர்களை ஒட்டித்தான் வேலை செய்யும். வண்டியில் யுஎச்எஃப் ரேடியோ பொருத்துங்கள்: நெடுஞ்சாலை லாரி ஓட்டுநர்கள் 40ஆம் அலைவரிசையிலும், கேரவன் பயணிகள் 18ஆம் அலைவரிசையிலும் பேசுவார்கள், 5, 35 இரண்டும் அவசரத்துக்கு ஒதுக்கப்பட்டவை. அதோடு செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவை அழைக்கும் பிஎல்பி கருவி ஒன்றையும் வைத்திருங்கள். அதை இயக்கும் முறை இருவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். கைபேசி கிடைத்தால் அவசர எண் 000.

வண்டி பழுதாகி நின்றுவிட்டால் அதைவிட்டு நடந்து போகாதீர்கள். இந்தப் பாலையில் உயிரிழந்த பலர் வண்டியைவிட்டு உதவி தேடிப் போனவர்களே. தேடுபவர்களின் கண்ணில் வண்டி எளிதில் படும், மனிதர் படமாட்டார். உங்களிடமோ நிழலும் தண்ணீரும் படுக்கையும் கொண்ட கேரவனே இருக்கிறது.

ஆறாம் படி: சாலையில் நடந்துகொள்ளும் முறை

ரோடு டிரெயின் எனப்படும் தொடர் லாரிகள் இங்கே 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். எதிரே ஒன்று வரும்போது முதலில் அதன் முன்முகம் தள்ளும் காற்று உங்களை வெளியே ஒதுக்கும். கடந்துபோகும் கணத்தில் அதே காற்று உள்ளே இழுக்கும். ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்தபடி சாலையின் இடது ஓரத்தை ஒட்டிச் செல்லுங்கள்; பதறி வளைக்காதீர்கள். பின்னாலிருந்து ஒன்று முந்த விரும்பினால், நீங்களே ரேடியோவில் அழைத்து வழி காலியா என்று சொல்லலாம். அது வெளியே வந்ததும் வேகத்தைச் சற்றுக் குறைத்தால் சீக்கிரம் கடந்துவிடும். சரளை ஓரத்தில் திடீரென்று இறங்காதீர்கள்.

கேரவன் இருபுறமும் ஆடத் தொடங்கினால் வண்டியின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டுவிட்டு, ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் உள்ள கன்ட்ரோலர் மூலம் கேரவனின் பிரேக்கை மட்டும் இலேசாக இயக்குங்கள்; அது பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து வரிசையை நேராக்கிவிடும். அந்தப் பொத்தான் எங்கே என்று கண்ணால் தேடாமல் கை போகவேண்டும், இருவருக்கும்தான்.

வடக்குப் பிரதேசத்தில் சாலையின் சில பகுதிகளில் வேக வரம்பு 130 வரை உண்டு. அது உங்களுக்கானது அல்ல. கேரவனோடு 90 போதும். காலை வெயில் நன்றாக ஏறிய பிறகு புறப்பட்டு, மாலை நான்கு மணிக்குள் முகாமை அடைந்துவிடுங்கள். அந்தி வேளைகளில் கங்காருகளும், வேலியில்லாத பண்ணைகளின் மாடுகளும் சாலைக்கு வரும். பகலில் அடிபட்ட கங்காருவைக் கொத்திக்கொண்டிருக்கும் ஆப்புவால் கழுகு உடல் கனத்தால் உடனே எழும்பாது. தொலைவிலேயே கண்டு வேகத்தைக் குறையுங்கள். நாளொன்றுக்கு 300 கிலோமீட்டர் என்பது நல்ல அளவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டுநர் மாறினால் இருவரும் களைப்பின்றி நாட்டையும் பார்க்கலாம்.

ஏழாம் படி: வழித்தடம்

இந்தப் பாதைக்குப் பெயர் தந்தவர், 1861–62இல் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்து மீண்ட ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட். நீர்ச்சுனைகளைத் தொட்டுத் தொட்டு அவர் கண்ட வழியையே பெரும்பாலும் பின்பற்றி, சார்ல்ஸ் டாட் மேற்பார்வையில் 1872இல் தந்திக் கம்பி போடப்பட்டது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், பாரோ கிரீக், டென்னன்ட் கிரீக் போன்ற இடங்களின் தொடக்கம் செய்தியை வாங்கி மறுபடி அனுப்பும் தந்தி நிலையங்களே. ஊர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்திருப்பதற்கான காரணம் அதில் இருக்கிறது.

போர்ட் அகஸ்டாவிலிருந்து கூபர் பீடி 540 கிலோமீட்டர். ஒரே நாளில் ஓட்டாமல், பிம்பாவில் பிரிந்து சில கிலோமீட்டரில் வரும் வூமெராவில் ஓர் இரவு தங்குங்கள். ராக்கெட் சோதனைக்காகக் கட்டப்பட்ட ஊர் அது. கூபர் பீடியில் 1915இல் ஓபல் கல்லைக் கண்டெடுத்தவன் பதினான்கு வயதுச் சிறுவன். வெப்பத்துக்கு அஞ்சி மக்கள் பாறையைக் குடைந்து வீடுகளும் தேவாலயங்களும் அமைத்திருக்கிறார்கள். ஊரைச் சுற்றிலும் மூடப்படாத சுரங்கக் குழிகள் ஏராளம். படம் எடுக்கும்போது பின்னோக்கி நடக்காதீர்கள் என்று பலகைகளே எச்சரிக்கும்.

அங்கிருந்து மார்லா வழியாக எர்ல்டண்டா 490 கிலோமீட்டர். எர்ல்டண்டாவில் மேற்கே திரும்பி லாசிட்டர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 245 கிலோமீட்டர் சென்றால் யூலாரா. வழியில் இடப்புறம் தட்டையான உச்சியோடு எழும் மலையைக் கண்டு உலுரு என்று பலர் வண்டியை நிறுத்துவார்கள்; அது மவுண்ட் கானர். தேசியப் பூங்காவுக்குள் முகாமிட அனுமதியில்லை என்பதால் யூலாராவில்தான் தங்கவேண்டும். உலுரு 348 மீட்டர் உயரம். அதன் அடியைச் சுற்றிய நடை சுமார் பத்து கிலோமீட்டர். இந்தப் பகுதியின் பழங்குடியினரான அனங்கு மக்களுக்கு 1985 அக்டோபர் 26 அன்று திருப்பி ஒப்படைக்கப்பட்ட நிலம் இது. அவர்கள் நெடுங்காலமாக வேண்டிக்கொண்டபடி, 2019இல் அதே நாளிலிருந்து பாறை மீது ஏறுவது தடைசெய்யப்பட்டது. சில பக்கங்களைப் படமெடுக்கக் கூடாது என்று பலகை இருக்கும். அங்கே கேமராவைத் தாழ்த்திவிடுங்கள். விடியலில் கிளம்பி அடிவாரத்தைச் சுற்றுவதும், மறுநாள் அருகிலுள்ள கட்டா ஜூட்டா பாறைக் குன்றுகளில் காற்றுகளின் பள்ளத்தாக்கில் நடப்பதும் இந்தப் பயணத்தின் சிகரம் என்பேன். குறைந்தது மூன்று இரவுகள் இங்கே ஒதுக்குங்கள்.

கிங்ஸ் கேன்யன் என்ற செங்குத்துப் பள்ளத்தாக்குக்கு லுரிச்சா சாலை வழியாகத் தாரிலேயே போகலாம். அங்கிருந்து ஹெர்மன்ஸ்பர்க் பக்கம் செல்லும் மெரீனி வளையச் சாலைக்குத் தனி அனுமதிச்சீட்டு வேண்டும். அதன் அலைமேடுகள் கேரவனின் திருகாணிகளையே கழற்றிவிடும் என்பதால், வந்த வழியே திரும்பிவிடுவதை நான் பரிந்துரைக்கிறேன்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வண்டியைப் பராமரிப்புக்கு விடுங்கள், எரிவாயு நிரப்புங்கள், துணி துவையுங்கள். பழைய தந்தி நிலையத்தையும், விமான மருத்துவச் சேவையின் காட்சியகத்தையும் தவறவிடாதீர்கள். இங்கிருந்து டென்னன்ட் கிரீக் 505 கிலோமீட்டர். அதற்குச் சுமார் 100 கிலோமீட்டர் முன்பாக வருவது கார்லு கார்லு: உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் வெளி, வாருமுங்கு உள்ளிட்ட மக்களின் புனித இடம். பாறைகளை ஒட்டியே முகாம் உண்டு. முன்பதிவு செய்துகொண்டு, தண்ணீரை நீங்களே கொண்டு செல்லுங்கள். மாலையில் கருஞ்சிவப்பாகும் அந்தப் பாறைகளைக் கேரவன் வாசலிலிருந்தே பார்க்கலாம்.

டென்னன்ட் கிரீக்கிலிருந்து காத்தரின் 670 கிலோமீட்டர். இடையே மாடரங்காவில் ஆண்டு முழுவதும் 34 டிகிரியில் ஊறும் தெளிந்த சுனை இருக்கிறது. குளிரில் நடுங்கி வந்த உடம்புக்கு அது மருந்து. காத்தரினில் ஜாவோயின் மக்களுக்குச் சொந்தமான நிட்மிலுக் பள்ளத்தாக்கைப் படகில் பாருங்கள். இதற்குமேல் வெப்பம் கூடும். குளிர்சாதனம் இயங்க, மின்இணைப்புள்ள இடமாகக் கேளுங்கள்.

எட்டாம் படி: முகாம் ஒழுக்கம்

சாலையோர ஓய்விடங்களில் பலவற்றில் ஓரிரவு இலவசமாகத் தங்கலாம்; நேர வரம்பைப் பலகையில் பாருங்கள். கழிவறைப் பெட்டியை அதற்கென்று ஊர்களில் உள்ள டம்ப் பாயிண்டில் மட்டுமே கொட்டவேண்டும். பாத்திரம் கழுவிய நீரைத் தொட்டியில் பிடித்துவைக்காத கேரவன்களைச் சில முகாம்களில் அனுமதிக்கமாட்டார்கள். பழங்குடிக் குடியிருப்புகள் பலவற்றில் நுழைய அனுமதி வேண்டும். மது கொண்டுசெல்லத் தடையும் உண்டு. முகாம் வேலைகளை வாரம் ஒருமுறை இருவரும் மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் இருவரும் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஒவ்வொரு நான்காம் நாளும் ஓட்டாத நாளாக இருக்கட்டும். ஒரே சிறு அறைக்குள் வாழும் இருவருக்கு அன்றைக்குத் தனித்தனியே நடந்துவர நேரம் கிடைக்கும்.

ஒன்பதாம் படி: டார்வினும் திரும்பும் வழியும்

காத்தரினிலிருந்து டார்வின் 320 கிலோமீட்டர். வழியில் பேச்சிலர் ஊரில் திரும்பினால் லிட்ச்ஃபீல்டு அருவிகள். கிழக்கே உபிர் பாறை ஓவியங்களைக் கொண்ட கக்காடு. உப்புநீர் முதலைகளின் நாடு இது. ஆற்றிலோ குட்டையிலோ குளிக்க அனுமதிப் பலகை இருந்தால் மட்டும் இறங்குங்கள். அன்றைய அறிவிப்பையும் பாருங்கள், ஏனென்றால் முதலை தென்பட்டால் அருவிக்குளங்களையும் மூடிவிடுவார்கள். கரையோரத்தில் மீன் அறுப்பதும் பாத்திரம் கழுவுவதும் வேண்டாம்.

திரும்புவதற்கு மூன்று வழிகள் உண்டு. வந்த வழியே தெற்கே வரலாம். ஆனால் வறண்ட பருவத்தில் தென்கிழக்குக் காற்று முகத்தில் அடிக்கும் என்பதால் எரிபொருள் கணக்கைக் கூட்டிப் போடுங்கள். டென்னன்ட் கிரீக்குக்கு 25 கிலோமீட்டர் வடக்கே உள்ள த்ரீ வேஸ் சந்திப்பில் கிழக்கே திரும்பி, பார்க்லி நெடுஞ்சாலை வழியாக மவுண்ட் ஐசாவுக்கும் குயின்ஸ்லாந்துக் கடற்கரைக்கும் போகலாம். காத்தரினிலிருந்து மேற்கே சென்றால் குனனுர்ரா; அதற்கு முன்னால் எல்லையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் தாவரப் பாதுகாப்புச் சோதனைச் சாவடி இருக்கும். பழங்களையும் பெரும்பாலான காய்களையும் தேனையும் அங்கே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே முந்தின இரவே குளிர்பெட்டியில் உள்ள காய்களையெல்லாம் ஒரே சாம்பாரில் போட்டுச் சமைத்துவிடுங்கள்.